டிராக்டர் ஸ்பீக்கரும் செல்வி அக்கா கிட்டாரும்

எங்க இன்னிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கிறது செந்தமிழ்ச்செல்வி அக்கா. பகல்ல தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டப் போவும். கச்சேரினா கிட்டார தோள்ல மாட்டிகினு வந்து நிக்கும். போன்ல வீடியோ பாத்துப் பாத்து தானா கத்துகினது. நான் இளமாறன், பக்கத்துல கீபோர்டு. அது வாசிக்க ஆரம்பிச்சா எனக்கு இன்னிக்கும் கையெல்லாம் புல்லரிக்கும், சத்தியமா.

போன வாரம் அக்காவோட கிட்டார் ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப், அதுல இருக்குற ஸ்பீக்கர எலி கடிச்சிடுச்சு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சு கிட்டார் சத்தம் கர்ரு கர்ருனு வந்துச்சு. ஆம்ப் நல்லாதான் இருக்கு, ஸ்பீக்கர் மட்டும் மாத்தணும்.

குழு நடத்துற கந்தசாமி அண்ணன் கேட்டுட்டு, "வெள்ளிக்கிழமை மலை மேல கரியாலூர் திருவிழா. சரியாவலனா இளமாறனே கீபோர்டுல கிட்டார் பட்டன அமுக்கிடட்டும். வேன்ல ஒரு சீட்டு மிச்சம்"னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு. அக்கா சிரிக்கல. எனக்கும் பழசு ஞாபகம் வந்துச்சு. எங்க புல்லாங்குழல்காரரு ஒரே ஒரு கச்சேரிக்கு வரல, கீபோர்டுல ஒப்பேத்துனோம். அப்புறம் அவர யாருமே கூப்புடல.

அக்கா வூட்டுக்காரரு சரத்குமார் மாமா கரும்பு டிராக்டர் ஓட்டுறவரு. எங்க பக்கம் டிராக்டர்னா பாட்டுப் பொட்டிதான் கௌரவம். யாரு வண்டி வருதுன்னு சத்தத்த வெச்சே ஊரு சொல்லும். மாமா நேரா போயி தன் வண்டியில இருந்த ஸ்பீக்கர கழட்டியாந்து வெச்சாரு.

"இந்தா செல்வி. காந்தத்தப் பாரு, உரல்மாரி இருக்கு. மலையே அதிரும்."

அளவு சரியா பொருந்திடுச்சு. அக்கா வாசிச்சிது. பானைக்குள்ள தலைய வுட்டு பேசுறமாரி ஒரே தொம் தொம். ரெண்டாவது பாட்டுல ஆம்ப் நின்னுபோச்சு. பின்னாடி தொட்டுப் பாத்தா தோசைக்கல்லாட்டம் சுடுது.

"இன்னா ஆச்சு?"ன்னாரு மாமா.

அக்கா பழைய ஸ்பீக்கர திருப்பிப் பாத்துச்சு. எட்டு ஓம். மாமாவோடது நாலு ஓம். ஓம்னா கரண்டத் தடுக்குற அளவு, அது கம்மியானா ஆம்ப் கரண்ட ஜாஸ்தி தள்ளணும், அதான் சூடாவுது. இத நான்தான் போன்ல தேடிப் படிச்சு சொன்னேன். மாமா மூஞ்சி சுருங்கிடுச்சு. நல்லவேளை, ஆறுன பொறவு ஆம்ப்புக்குத் திரும்ப உசுரு வந்துச்சு.

மறுநாள் கரும்பு இறக்கிட்டு வர்ற மாமாவோட காலி டிராக்டர்லயே ஆம்ப்ப ஏத்திகினு கள்ளக்குறிச்சி போனோம். ஸ்பீக்கர் கடைக்கார செல்லமுத்து எடுத்ததுமே பெருசா ஒண்ணக் காட்டுனாரு. "முந்நூறு வாட்ஸ்மா. டிராக்டருக்கு எல்லாரும் இதான் வாங்குறாங்க."

"நான் டிராக்டர் இல்லண்ணா"ன்னுச்சு அக்கா. "எட்டு ஓம்ல இருக்குறத எல்லாம் எடுத்து வைங்க. மாட்டி வாசிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

அப்புறம் மாமா பக்கம் திரும்பி, "நீ போயி ரோட்டுக்கு அந்தாண்ட வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சிகினு நில்லு. திருவிழாவுல ஜெனரேட்டர் சத்தம் அப்டிதான இருக்கும். அதத் தாண்டி ஒவ்வொரு கம்பியும் தனியா காதுல வுழுந்தா கையத் தூக்கு"ன்னுச்சு.

மாமா போனாரு. டிராக்டர் தடதடன்னு கத்துது. மொத ஸ்பீக்கர்ல அக்கா வாசிச்சிது. மாமா கை எழும்பல. அடுத்தது, அதுக்கும் எழும்பல. டீக்கடையில இருந்த ஒரு ஆளு, "இன்னாய்யா, பொண்டாட்டி பாட்டு வாசிக்குது, நீ போலீஸ்மாரி நிக்கிற"ன்னாரு. மாமா அசையல.

கடைசியா செல்லமுத்து மூலையில இருந்து பழசு ஒண்ண தொடச்சுக் குடுத்தாரு. யாரோ கழட்டிப் போட்ட கிட்டார் ஆம்ப்போட ஸ்பீக்கராம். "காந்தம் சின்னதும்மா, அப்புறம் என்ன திட்டக்கூடாது."

அக்கா ஒரே ஒரு கம்பிய மீட்டுச்சு. அப்புறம் அடுத்தது. அந்தாண்ட மாமா கை மேல போச்சு. இன்னொரு கையும் போச்சு. பஸ்ஸு ஒண்ணு தனக்குத்தான் கை காட்டுறாருன்னு நின்னுடுச்சு. நாங்க சிரிச்ச சிரிப்புல செல்லமுத்துவே ஸ்குரூ டிரைவர கீழ வுட்டுட்டாரு.

வெள்ளிக்கிழமை கரியாலூர். ஜெனரேட்டர் கத்துது, ராட்டினம் சுத்துது, குளுரு காத்து. மொத சாமி பாட்டு. கிட்டார் வர்ற எடத்துல நான் கீபோர்டுல இருந்து கைய எடுத்துட்டேன். அக்கா வாசிச்சிது பாருங்க, கடைசி வரிசையில கொழந்தைய தூக்கிகினு நின்ன ஒரு அம்மா தலைய ஆட்டிச்சு. அவ்ளோ தூரம் கேக்குது. எனக்கு கண்ணு கலங்கி கீபோர்டு பட்டனே தெரியல.

எடவேளையில கந்தசாமி அண்ணன் வேன் டிரைவர்கிட்ட, "அடுத்தது களமருதூர். செல்விக்கு முன் சீட்டு போடு, ஆம்ப்ப கால்கிட்ட வெச்சிக்கட்டும்"னாரு.

அக்கா பெருமூச்சு வுட்டு அப்பதான் தண்ணியே குடிச்சிது. மாமா மேடைக்குப் பின்னாடி ஏறி வந்து, ஆம்ப் முதுகுல கைய வெச்சுப் பாத்தாரு. கொஞ்ச நேரம் எடுக்காமயே வெச்சிருந்தாரு.

"சுடல செல்வி"ன்னாரு.