சிஞோராவோடு பிரமிட்டுக்குப் போன நாள்

என் நீலச் சட்டையின் இடது தோளுக்குக் கீழே வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. அதில் பதினேழு என்று அச்சடித்திருந்தது. கப்பலிலிருந்து இறங்கிப் பிரமிட்டுப் பார்க்கப் போகிறவர்கள் பேருந்து மாறி ஏறிவிடக் கூடாது என்பதற்காகக் காலையிலேயே எல்லோருக்கும் ஒட்டிவிட்டிருந்தார்கள். அன்று மாலை என் அம்மா இறந்த செய்தியைக் கேட்டபோதும் அது என் சட்டையில்தான் இருந்தது. அழுது ஓய்ந்து முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் கண்டேன். பதினேழாம் பேருந்துப் பயணியாகத்தான் அன்று நான் என் தாய்க்கு அழுதேன்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் கால்சாப் பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில் தனியாக இருந்த ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, ஒரு சிஞோராவை, பார்த்துக்கொள்வதுதான் பதின்மூன்று வருடமாக என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் வேலை. யாராவது ஒரு சிஞோராவின் மருந்து நேரமும் கோப நேரமும் எங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். என்னுடைய சிஞோரா ஓய்வுபெற்ற ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். என் இத்தாலிய மொழியைத் திருத்தாமல் ஒரு கோப்பிகூடக் குடிக்க மாட்டார். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மத்தியானத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிடுவோம். நான் பல்லரோ சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காயைப் பற்றி அவர் குறை சொல்வார், நான் அவருடைய மருமகனைப் பற்றிக் குறை சொல்வேன், இருவருக்கும் சாப்பாடு செமிக்கும்.

அவர் நாற்பது வருடம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எகிப்தைப் பற்றிப் படிப்பித்தவர். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு பிரமிட்டு வரைவார். ஆனால் ஒரு நாளும் நேரே பார்த்ததில்லை. முழங்கால் இரண்டும் போய், சக்கர நாற்காலி வந்த பிறகு, வடக்கே தூரினோவில் இருக்கும் மகள் பிறந்தநாள் பரிசாகக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தாள். நானும் கூடப் போவேன் என்றால் மட்டும் போகலாம் என்பது மகளின் கட்டளை. எனக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கையில் கிடைத்த வசந்தம் அது. ஓகஸ்டில் அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போவதற்கு நாள் பார்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு இதயம் பலவீனப்பட்டு இரண்டு வருடம். அக்காதான் வைத்துப் பார்த்தாள். எகிப்துக்குப் போய்வந்து இரண்டு மாதத்தில் அம்மாவிடம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். என் புதுக் கடவுச்சீட்டில் முதல் முத்திரை எகிப்துடையது.

அலெக்சாந்திரியாவில் கப்பல் கட்டியதும் பேருந்துகள் வரிசையாக நின்றன. எங்கள் வழிகாட்டி ஓர் எகிப்தியர். பலேர்மோக்காரர்களே வெட்கப்படும் அளவுக்குத் திருத்தமான இத்தாலிய மொழி. ஆளுக்கொரு சின்ன வானொலியும் காதுக்கு ஒரு குமிழும் தந்தார். கழுத்தில் தொங்கும் அந்தப் பெட்டி வழியே அவர் எவ்வளவு தூரத்தில் நின்று கதைத்தாலும் எங்கள் காதுக்குள் கேட்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மஞ்சள் துணி கட்டிய கம்பை உயர்த்தி எங்களை எண்ணினார். மூன்று மணி நேர ஓட்டம். சிஞோரா யன்னலோரம் இருந்தார். வழக்கமாக வாய் ஓயாத மனுசி அன்று அவ்வளவாகக் கதைக்கவில்லை. ஆசையில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

வீடுகளுக்குப் பின்னால் பிரமிட்டின் நுனி தெரிந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இவ்வளவு கிட்டவா, இவ்வளவு கிட்டவா என்று இரண்டு தரம் கேட்டார். தெருவோரத்தில் துணி காய்கிறது, ஒருவன் டயருக்குக் காற்றடிக்கிறான், அதற்கு அப்பால் அந்த மலை. கிட்டப் போனதும் மணலில் சக்கரம் புதைந்தது. ஒட்டகக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக் கல்தரையில் வைத்தார்கள். சிஞோரா முதல் வரிசைக் கல்லில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு, தான் வரைந்ததெல்லாம் கூராக இருந்தது, இது இவ்வளவு கரடுமுரடு, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. மற்றவருடைய ஆசை நிறைவேறுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

வழிகாட்டியின் கதை காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அரசன் முடிசூடிய உடனேயே அவனுடைய சமாதி வேலையைத் தொடங்கிவிடுவார்களாம். அவன் உயிரோடு இருந்து பார்த்துக்கொண்டிருக்க, கல்மேல் கல்லாக அது உயருமாம். எங்கள் சனத்தில் இது நடக்குமா என்று நினைத்தேன். நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி மூச்சில் கிடப்பவரிடமும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்வோம்.

உள்ளே போகத் தனி நுழைவுச்சீட்டு. சிஞோராவால் முடியாது. எனக்கும் போகும் எண்ணம் இல்லை. அவர்தான் விடவில்லை. நீ போய்ப் பார்த்து வந்து எனக்கு ஒன்றுவிடாமல் சொல் என்றார். வழிகாட்டி அவரோடு நிழலில் நிற்க, நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். இரண்டடி போனதும் காதுக் குமிழில் வழிகாட்டியின் குரல் கரகரத்து நின்றுவிட்டது. முதுகு நிமிர்த்த முடியாத ஏற்றம், முன்னால் போகிறவரின் சப்பாத்து, மூச்சு முட்டும் சூடு. முடிவில் ஓர் அறை. மூடி இல்லாத ஒரு கற்பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை. இதற்குத்தானா என்று ஒரு நாப்போலிக்காரர் சத்தமாகக் கேட்க, எல்லோரும் சிரித்தோம். பிறகு நேர வித்தியாசத்தை வைத்துப் பார்த்தேன். நான் அந்த அறையில் நின்று சிரித்த நேரத்துக்குக் கிட்டத்தட்டத்தான் அம்மாவின் மூச்சு நின்றிருக்கிறது.

மாலையில் கப்பலுக்குத் திரும்பி, சிஞோராவின் சப்பாத்தைக் கழற்றிக் கால் கழுவிவிட்டேன். அப்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. கப்பலில் அவருடையது மட்டும்தான் வேலை செய்தது, மகள் அதற்கு ஒழுங்கு செய்திருந்தாள். என்னுடையது இத்தாலியக் கரை தாண்டியதும் செத்துவிட்டது. எடுத்துப் பார்த்தவர் என்னிடம் நீட்டினார். மறுபக்கத்தில், பலேர்மோவிலிருந்து என் மனுசன் அழுதுகொண்டிருந்தார்.

"அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டாவப்பா. காலமையே சிஞோராட்டச் சொன்னனான். நீர் ஏன் திருப்பி எடுக்கேல்லை? அக்கா போனை மாமியின்ரை காதடியிலை பிடிச்சுக்கொண்டு இருந்தவ. உம்மடை குரலைக் கேக்கவேணுமெண்டு கேட்டவவாம்."

நான் சிஞோராவைப் பார்த்தேன். அவர் வெறுங்காலோடு கட்டில் விளிம்பில் இருந்தார். காலையில் நீ குளிக்கும்போது உன் கணவர் அழைத்தார், நான் சொல்லவில்லை, என் பிழை என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்தத் தொலைபேசி பகல் முழுக்க அவருடைய கைப்பைக்குள் இருந்தது. அந்தக் கைப்பை நான் தள்ளிய நாற்காலியின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் அம்மா என் முழங்கையில் இடிபட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

மறுநாள் நடுக்கடலில், அதே தொலைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. பிரேதம் எடுக்கிற நேரம் அக்காவின் வாய் திறந்தபடி படம் உறைந்துவிட்டது. சத்தமும் இல்லை. நான் கப்பலின் கம்பளத் தரையில் இருந்து தலையிலடித்து அழுதேன். சிஞோரா என் முதுகில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

பலேர்மோவுக்குத் திரும்பி அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் கழிந்து வேலைக்குப் போனேன். வேலையை விடவில்லை. விட்டிருந்தால் நல்லது, விடாமல் அவரைத் தண்டித்தேன். மருந்து தவறவில்லை, குளிப்பாட்டுவது தவறவில்லை, கதை மட்டும் இல்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. மத்தியானத்தில் அவருக்கு மேசையில் வைத்துவிட்டு நான் குசினியில் நின்றபடி சாப்பிட்டேன். சக்கர நாற்காலியில் இருந்தபடியே எட்டி, எதிர்ப்பக்கத்தில் எனக்கும் ஒரு முட்கரண்டியை அவர் தினமும் வைப்பார். நான் தினமும் அதைக் கழுவாமலே திருப்பிக் கரண்டி லாச்சிக்குள் போடுவேன். என் இத்தாலிய மொழியை அவர் திருத்துவதை நிறுத்திவிட்டார். ஒரு பிரமிட்டைப் பார்ப்பதற்காக என் தாயின் கடைசிச் சொல்லை ஒளித்துவைத்த மனுசி என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்களும் உச்சுக்கொட்டினார்கள். எட்டு மாதம் இப்படிப் போனது.

குளிர்காலத்தில் அவர் படுத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை வந்த வைத்தியர், இன்றைக்குள் முடிந்துவிடும் என்றார். சிஞோரா கண் திறக்கவில்லை, ஆனால் காது கேட்கும் என்றும் சொன்னார். நான் உடனே தூரினோவுக்கு, மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் அம்மா செத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் வந்துசேரும்வரை இருக்க மாட்டார், இப்போதே கதையுங்கள் என்று இத்தாலிய மொழியில் அப்படியே சொன்னேன். தொலைபேசியைச் சத்தமாக்கித் தலையணையில் வைத்தேன். மகளின் அழுகை அறைக்குள் வந்தது.

சிஞோராவைத் திருப்பிப் படுக்கவைக்க உதவிக்கென்று என்னோடு வந்திருந்த என் மனுசன் அதிர்ந்துபோனார். என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "என்னப்பா நீர், இப்பிடியோ சொல்லுறது? அந்தப் பிள்ளை தனிய நிக்குமெல்லே. கொஞ்சம் சுகமில்லாமல், ஏலாமல் கிடக்கெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அண்டைக்குக் கப்பலுக்கு எடுத்து இவவிட்டை என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாதாம், நேரம் கிடைக்கேக்கை ஒருக்கா எடுக்கச் சொல்லுங்கோ எண்டனான். நீரும் அங்கை தனிய நிண்டனீர். பயந்துபோவீரெண்டுதான்."

எங்கள் ஆள் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் அடுத்த நிமிடமே தலைவிரிகோலமாக ஓடிவந்து தொலைபேசியை என் கையில் திணித்திருப்பார். கொஞ்சம் ஏலாது என்றால் எங்களுக்கு எவ்வளவு ஏலாது என்று தெரியும். சிஞோராவுக்குக் கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். பேருந்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கொஞ்சம் ஏலாதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன். வெளியாட்களிடம் அப்படித்தானே சொல்வோம். மாலையில் சொல்லலாம் என்று அவர் நினைத்ததில் பிரமிட்டு ஆசையும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் கணவர் சொன்னது இவ்வளவுதான் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. சொன்னால் நான் என் மனுசனோடு முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாரா? தெரியாது. அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு தினமும் எனக்கு முட்கரண்டி வைத்திருக்கிறார்.

அறைக்குள் ஓடினேன். அவருடைய காதில் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். மன்னியுங்கள் என்று அவருடைய மொழியில் பிழையில்லாமல் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் மகள் கதைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலுக்குள் விழுந்ததையும், தாய் உடுப்போடு குதித்துத் தூக்கியதையும் அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை கதைக்கும்போது இடையில் நான் எப்படிப் புகுவது? அவள் முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று கட்டிலின் காலடியில் நின்றேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கவே சிஞோராவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை. மகளின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவளை நிறுத்தி, அம்மா போய்விட்டார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என்னுடைய அந்த ஒரு வசனத்தைக் கேட்க ஆள் இல்லை.