பழசெல்லாம் அப்படியே இருக்கும்

லிடியாவின் கணவர் பிரிட்டோ, சட்டைப்பையில் சீப்பும் கிரெடிட் கார்டும் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். லிடியாவின் கணக்கில் அவருக்கென்று வாங்கிய துணைக் கார்டு அது. பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டுகூட, "போடவா புள்ள?" என்று போனில் கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார். எதற்கும் கேட்டே பழகிய மனுஷன், சாவதற்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

போன தவக்காலத்தில், சவப்பெட்டியை மூடுமுன் அவர் கையில் ஜெபமாலையைச் சுற்றிய லிடியா, சீப்பையும் கார்டையும் சட்டைப்பையில் வைத்தாள். வெறும் பையோடு அனுப்ப மனசு வரவில்லை.

இந்த வருடம் லிடியாவின் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கூடியது. அதை ரத்து செய்துவிட்டு வேறு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனாள். வீட்டுக் கடன் வேறு கேட்க வேண்டியிருந்தது.

"ரத்து பண்ணிராதீங்கக்கா," என்றார் கவுண்டரில் இருந்த சகாயராஜ். "இம்புட்டு வருசத்துக் கார்டை மூடுனா கிரெடிட் ஸ்கோர் இறங்கிரும், கடன் கிடைக்காது. அதே கணக்குல கட்டணமில்லாத கார்டா மாத்தித் தாரேன். பழசெல்லாம் அப்படியே இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை லிடியாவுக்குப் பிடித்திருந்தது.

"துணைக் கார்டு புதுசுலயும் வேணுமாக்கா?"

"வேணாம்ப்பா. அவரு தவறிட்டாரு."

சகாயராஜ் கணினியில் துணைக் கார்டை நீக்கினார். "அப்ப அவரு கார்டை ரெண்டா வெட்டிப் போட்டுருங்கக்கா. எங்க இருக்கு?"

"அவரு சட்டைப்பையில."

"மறக்காம எடுத்துருங்க. சட்டையோட சேத்துத் தொவச்சிறப் போறீங்க."

"சரிப்பா," என்று லிடியா எழுந்துகொண்டாள்.