இரண்டரை மணிக்கு ஒரு வளைவு

1957 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வெளியே மழை. பாலில்லாத சாயத்தண்ணி குடித்து, சவரம் செய்து, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஆறு மணிக்குக் குடையுடன் மலைநாட்டு றொசல்லச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றேன். சைக்கிள் வீட்டின் பின்புறம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதை நான் தொடாத நான்காவது பள்ளி நாள் அது.

நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் நாலு மைல் மேலே இருந்தது. போகும்போது பாதித் தூரம் சைக்கிளைத் தள்ள வேண்டும்; வரும்போது பிரேக்கை நம்ப வேண்டும். எனக்கு வயது நாற்பத்து மூன்று. மழை தொடங்கியதும் முழங்கால் வலித்தது, அட்டைக்கடி வேறு. ஆனால் என்னை நிறுத்தியது சிரிப்புத்தான். பள்ளி விட்டு இறங்கி வருகையில், சரியாக இரண்டரைக்கு, ஒரு வளைவில் மணியடிப்பேன். உடனே மேலே கொழுந்து பறிக்கும் பெண்கள், "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று கூவிச் சிரிப்பார்கள். என் கோலத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனி பஸ்தான்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

"நல்லதுங்க. நனையாம வருவீங்க" என்றாள்.

அன்று பிற்பகல் பஸ் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தே இறங்கினேன். வளைவை அடைந்தபோது மணி மூன்று ஐந்து. தேயிலைச் சரிவிலிருந்து ஒரு பெண் அவசரமாகப் பாதைக்கு இறங்கினாள். நனைந்த சேலையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"வாத்தியாரய்யா, சைக்கிளு செத்துப்போச்சுங்களா?"

"இல்லையம்மா. மழை."

"நாங்க மட்டும் வெயில்லயா நிக்கிறோம்? பச்சப்புள்ளக்காரங்க நாலு பேரு ஒங்க மணிய நம்பித்தாங்க இருக்கோம். ரெண்டரைக்கு, புள்ளைங்கள விட்டிருக்கிற புள்ளக் காம்பராவுக்குப் போயிப் பால் குடுத்துட்டு வரலாம்னு தொர உத்தரவு. ஆனா மணி என்னான்னு கேட்டா, கங்காணி 'இன்னும் ஆகல, பறி'ங்கிறாரு. ஒங்க சைக்கிளு மணிச் சத்தம் கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. வாத்தியாருக்கு நேரம் தப்பாதுன்னு அவருக்கும் தெரியுமுங்க. இந்த நாலு நாளா மூணுக்குத்தான் விடுறாரு. எம்புள்ளைக்கு அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு."

"அதுக்காகத்தான் சிரிச்சீங்களா?" என்றேன்.

"பின்ன? புள்ளயப் பாக்கப் போற சந்தோசம். ஒங்களப் பாத்தும் கொஞ்சம் சிரிச்சோந்தான், பொய் சொல்லக்கூடாது. சங்கிலிக்குப் பயந்து வேட்டிய அவ்வளவு ஒசரத்துக்குத் தூக்கிக் கட்டினா யாருக்குத்தாங்க சிரிப்பு வராது?"

சொல்லிக்கொண்டே ஓடினாள். கூடை முதுகில் துள்ளியது. அவள் திருப்பத்தில் மறையும்வரை குடை சாய்ந்து தோள் நனைவதும் தெரியாமல் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறகு எழுந்து போய்ச் சைக்கிள் மேலிருந்த சாக்கை எடுத்து உதறி மடித்து வைத்தாள்.

"நாளைக்கும் மழைதான் போல" என்றேன்.

"வேட்டிய இன்னும் ஒரு சாண் தூக்கிக் கட்டுங்க" என்றாள்.

மறுநாள் 4.50க்கு எழுந்ததும், சாயத்தண்ணிக்கும் முன்னால், விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றினேன். துருவைத் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன்.