ஆற்றைப் படம் பிடித்தவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் காலை பஸ்ஸில் அவர் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவார். அறுபது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். காவிரிப் பாலம் வந்ததும் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆற்றைப் படமெடுப்பார். உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார். அது கோடைக்காலம். ஆற்றில் மணல்தான் கிடந்தது.

"வெறும் மணலைப் போய் தினம் எடுக்கறீங்களே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"என் பொண்ணுக்குங்க. சின்ன வயசுல பாலம் வந்தாலே 'தண்ணி வந்துருச்சாப்பா'ன்னு எட்டி எட்டிப் பாப்பா. பெறகு அவளே ஒருத்தரைப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். பேச்சில்லை. ஆனா ஸ்டேட்டஸ் மட்டும் பாத்துடுவா."

பார்த்தவர்கள் வரிசையில் அவள் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்களே கூப்பிடலாமே?"

"கூப்பிட்டு, இதையும் நிறுத்திட்டான்னா?"

பிறகு மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். கரை தொட்டுத் தண்ணீர் வந்த அன்று பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் செல்போனை எடுக்கவே இல்லை.

"தண்ணி வந்துருச்சுங்க," என்றேன்.

"தண்ணி வரப்போகுதுன்னு சொல்லத்தாங்க போன வாரம் அவளைக் கூப்பிட்டேன். அதுலேருந்து அவ பேரு வர்றதில்லை."

பாலம் முடியும்வரை முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்தாளா, எடுத்து என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.