ஆகாயத்தில் ஒரு சுத்தபோசனம்

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. கடலூர் செம்மண்டலத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம், நானும் வீட்டுக்காரரும். சென்னை விமான நிலையத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம். அங்கிருந்து தோகா, தோகாவிலிருந்து டொராண்டோ. அங்கே மகள் ஜெனிக்கு எட்டாம் மாதம்.

இதற்கு முன் இரண்டு முறை அவளுக்குத் தங்காமல் போய்விட்டது. அதனால் இவர் ஒரு நேர்ச்சை செய்திருந்தார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டவர், பிள்ளையைக் கையில் வாங்கும்வரை தொடுவதில்லை என்று மாதா முன்னால் சொல்லிவிட்டு வந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி இல்லாத சுத்தபோசனத்துக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷன் இவர். எத்தனை நாள் தாங்குவாரோ என்று நினைத்தேன். மரக்காணத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, "சார், இங்க மீன் வறுவல் சூப்பரா இருக்கும்" என்றார். இவர் டீ மட்டும் குடித்தார்.

புதன் காலை எட்டரை மணி, தோகா. முதல் விமானத்தில் இவர் சாப்பாடு வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டதால் நல்ல பசியில் இருந்தார். இனிப் பதினான்கு மணி நேரப் பறப்பு. எனக்கு ஜன்னல், இவருக்கு நடு சீட். நடைபாதை ஓர சீட்டில், வேட்டியே கட்டிப் பழகிப் பேன்ட் போட்டதில் சங்கடப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர் உட்கார்ந்தார்.

"சார் எந்த ஊரு?" என்றார் இவரிடம்.

"கடலூர். நீங்க?"

"அட! நான் காட்டுமன்னார்கோயில் சார். ரைஸ் மில் வச்சிருக்கேன். பேரு கலியபெருமாள். மவன் டொராண்டோவுலதான் இருக்கான்."

பஸ்ஸில் கடலூரிலிருந்து சிதம்பரம் போவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக் கதை முழுவதும் நமக்குத் தெரிந்துவிடும். பதினான்கு மணி நேரத்தில் என்னென்ன வருமோ என்று நான் அவசரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முன் சீட்டின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் இருபதுக்கு மேல் தமிழ்ப் படங்கள் இருந்தன. கலியபெருமாளுக்கும் ஒரு காமெடிப் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். காதை அடைத்திருப்பதால் தன் குரல் தனக்கே கேட்காது என்பதை மறந்து, மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தார். இவர் படமே பார்க்கவில்லை. விமானம் போகும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்க போவுதுன்னு ஒரு ஆளாச்சும் பாக்கணும்ல" என்றார்.

பத்து மணி சுமாருக்குச் சாப்பாடு. முன்பே சொல்லி வைத்தவர்களுக்குத் தட்டு முதலில் வரும். இவர் பெயர் ஒட்டிய தட்டு வந்ததும் கொஞ்சம் பெருமையாகவே சுற்றிப் பார்த்துக்கொண்டார். வெள்ளித்தாளைப் பிரித்தால் சோறு, ஒரு பக்கம் பட்டாணி, ஒரு பக்கம் பழுப்பாக ஒரு மசாலா. "மீல்மேக்கர் நல்லா பண்ணியிருக்கான்" என்று வழித்துச் சாப்பிட்டார். கலியபெருமாள் தன் தட்டில் இருந்த சிக்கனை முடித்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்கினார். அப்போதுதான் இவர் தட்டில் ஒட்டியிருந்த மிச்சத்தைக் கவனித்தார்.

"சார், அது கொத்துக்கறி சார்."

நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண். "ஓம் அம்மா, ஆட்டிறைச்சிதான். நீங்கள் இந்து சாப்பாடு எண்டு பதிஞ்சிருக்கிறீங்கள். அதில மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். சைவச் சாப்பாடு வேற பேர்ல இருக்கு" என்றாள்.

டிக்கெட் போட்டவன் என் தம்பி மகன் ராபின். சைவம் வேண்டும் என்று சொல்லியிருந்தோம். இந்து என்றால் சைவம்தானே என்று போட்டிருக்கிறான், ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை.

கலியபெருமாள் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் இந்துதான் சார். வாரத்துல நாலு நாளு கறி இல்லன்னா எனக்கு சோறு எறங்காது!" பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இவர் எழுந்து கழிவறைக்குப் போனார். அந்த நேரத்தில் நான் கலியபெருமாளிடம் நேர்ச்சையைப் பற்றியும், ஜெனியைப் பற்றியும், போன இரண்டு முறையைப் பற்றியும் சொன்னேன். "நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்மா" என்றார் அவர்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவரிடம், "தெரியாம சாப்புட்டதுக்கு மாதா கோச்சிக்க மாட்டாங்க" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். மனசு கேக்கலியே" என்றார்.

வரைபடத்தையும் அணைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தார். எனக்கு ராபின் மேல் கோபம், இவர் மேலும் கோபம். உண்மையில் எனக்கும் பயமாக இருந்தது. படத்தைத் திரும்பப் போட்டேன். ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை.

டொராண்டோவுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது மறுபடி சாப்பாட்டு வண்டி வந்தது. மெனு அட்டையில் சிக்கன் பிரியாணி என்று இருந்ததைப் பார்த்து, தூங்கினால் எழுப்பிவிடச் சொல்லி என்னிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார் கலியபெருமாள். எழுப்பினேன். இவருக்கு வெஜ் தட்டைக் கொடுத்த அந்தப் பெண்ணிடம், "எனக்கும் வெஜ்ஜே குடும்மா" என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார்.

"சாக்குல ஓட்ட வுழுந்தா இன்னொரு சாக்குல போட்டுக் கட்டுவோம் சார். ஒங்க பொண்ணு நல்லபடியா பெத்து எடுக்கற வரைக்கும் நானும் கறி தொடல."

"ஐயய்யோ, ஒங்களுக்கு எதுக்கு சார்? ஒங்க வீட்ல என்ன சொல்லுவாங்க?"

"சாமி ஒண்ணும் சொல்லாது. மருமவதான் ஒடம்புக்கு என்னான்னு கேக்கும். சாப்புடுங்க சார், ஆறிடப் போவுது."

இருவரும் சேர்ந்து உப்பில்லாத அந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு இறங்கினோம். வெளியே பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு கலியபெருமாள் மகனோடு ஸ்கார்பரோ போய்விட்டார். வழியில் பேசியதோடு முடிந்தது, ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முடிந்துவிடுவதுபோல, என்றுதான் நினைத்தேன்.

ஈஸ்டர் அன்று மாப்பிள்ளை வீட்டில் மட்டன் பிரியாணி செய்தார். இவர் தயிர்ச்சோறு சாப்பிட்டார். சாயங்காலம் போன் வந்தது. "என்னா சார், எதாச்சும் தகவல் உண்டா? இல்ல இல்ல, அவசரமில்ல. இங்க ரெண்டு கல்யாணத்துக்குப் போய் சாம்பார ஊத்திக்கினு வந்தேன்."

ஏப்ரல் கடைசியில் ஜெனிக்கு வலி கண்டது. விடிகாலையில் போனவளுக்கு மத்தியானம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று மாப்பிள்ளை வந்து சொன்னார். பிள்ளையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். கடலூரில் இருக்கும் தன் அண்ணனுக்குத்தான் முதலில் சொல்வார் என்று நினைத்தேன்.

"மச்சான்," என்றார். போன் போனது ஸ்கார்பரோவுக்கு; இதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். "மச்சான், கறி எடுங்க."