அருணன் முணுமுணுத்த மெட்டு

விநாசித்தம்பிக்கு ரயில்வேயில் இரவு வேலை. பட்டர்வொர்த்திலிருந்து காலை ஃபெரியில் கடல் தாண்டி வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், சாயந்தரம் வரை பிள்ளைகள் மூச்சு விடவும் அனுமதி கேட்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் எண்பதுகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது, சிங்கப்பூர் மாமாவின் தயவில். டிவியில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டுத் தவம் கிடந்தால் விளையாட்டு வரும். ஆனால் டிவியில் சத்தம் வரவே கூடாது.

சத்தமில்லாத விளையாட்டு உப்பில்லாத கஞ்சி. சின்னவன் மயூரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அண்ணன் அருணன் அதற்கும் ஒரு வழி கண்டான். கொம்தார் கட்டடத்துக் கடையொன்றில் இந்த விளையாட்டின் இசையைக் கேட்டிருப்பதாகச் சொல்லி, தம்பியின் காதருகே உட்கார்ந்து முணுமுணுத்தான். திரையில் குட்டி மனிதன் ஏணி ஏறினால் மெட்டும் ஏறும். குழியில் விழுந்தால் மூக்கால் அழும். அப்பா புரண்டு படுத்தால் மெட்டு தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும். மயூரன் பிறகு வளர்ந்தான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசரானான், தலை வழுக்கையானது. அந்த மெட்டு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் அருணன் மாரடைப்பில் போய்விட்டான். வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் நெருங்குகையில் அவன் மகள் தர்மினி கேட்டாள்.

"சித்தப்பா, அப்பா காடிய வாசல்ல நிறுத்திக் கழுவுறப்போ வாய்க்குள்ளயே ஒன்னு பாடுவாரே, அது என்ன பாட்டு? எனக்கு வாயில வர மாட்டேங்குது."

அந்த நிமிஷமே முணுமுணுத்துக் காட்டியிருக்கலாம். சும்மா இருந்தானா மனுஷன்? அது கேம் மியூசிக், ஒரிஜினலே எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான், அவசரக்குடுக்கை.

இணையத்தில் கிடைக்காதது என்ன இருக்கிறது? அந்த விளையாட்டின் இசை முழுசாகவே கிடைத்தது. கேட்டான். அண்ணனுடைய மெட்டு இல்லை. வேறு பகுதியில் வரும் என்று திரும்பக் கேட்டான். ஜெலுத்தோங் சாலை நெரிசலில் கேட்டான், சாப்பாட்டு வேளையில் கேட்டான். ஏதாவது ஒரு மூலையில் அண்ணன் ஒளிந்திருப்பான் என்று ஒரு நப்பாசை. இல்லவே இல்லை. அந்தப் புளுகன் கடைப் பக்கமே போயிருக்க மாட்டான். தம்பி முகம் வாடக்கூடாதென்று வாய்க்கு வந்ததைக் கட்டியிருக்கிறான். அது புரிந்த அன்று மயூரன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான். அதற்குப் பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை.

திவசத்தன்று படையல் முடிந்து, சொந்தங்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, தர்மினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கைப்பேசியில் ஓடவிட்டதைக் கொஞ்சம் கேட்டாள்.

"இது இல்லலா சித்தப்பா."

"தெரியும்மா. அது உங்கப்பாவே கட்டுன மெட்டு. எனக்காகக் கட்டுனது."

அவள் கண் கலங்கிவிட்டது. தன் கைப்பேசியை எடுத்து அவன் வாயருகே நீட்டினாள்.

"அப்போ நீங்களே பாடுங்க. உங்களுக்குத்தானே தெரியும். ரெக்கார்ட் பண்ணி வச்சிக்கிறேன்."

மயூரன் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தான். கொஞ்சம் போனதுமே தர்மினியின் முகம் மாறியது. அவன் வாயிலிருந்து வந்தது இணையத்து இசை. கண்ணை மூடினான். டிவியை நினைத்தான், ஏணியை நினைத்தான், புரண்டு படுக்கும் அப்பாவை நினைத்தான், காதில் பட்ட அண்ணனின் மூச்சைக்கூட நினைத்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

மறுபடியும் அதுதான் வந்தது.