பத்துக் குதிரைப் பொய்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கவுண்டரில் நின்று நான் அதிகம் சொன்ன பொய், "இந்த கார்புரேட்டர் கிட்டைப் போட்டா பத்து ஹெச்.பி. ஏறும் சார்" என்பதுதான். அதென்ன பத்துக் குதிரைத்திறன் என்று யாரும் கேட்டதில்லை. எட்டு என்றால் அற்பமாகத் தெரியும், பன்னிரண்டு என்றால் சந்தேகப்படுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நானும் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மை எனக்குத் தெரியாமல் இல்லை. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்குத் தக்கதுதான் அதன் பலம். கிட்டில் வரும் ஜெட்டை, பெரிய துளை வைத்த பெட்ரோல் முனையை, மாட்டினால் பெட்ரோல்தான் கூடுதலாக ஊற்றும், காற்று கூடாது. அதிலும் பெங்களூர் மேட்டு நிலம், இங்கே காற்றே கொஞ்சம் மெலிசு. மிஞ்சிய பெட்ரோல் கரும்புகையாகப் போகும். ஆனால் கிட்டை மாட்டும்போது மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, வருஷக்கணக்கான அழுக்கைக் கழுவிவிடுவார். அடைப்பால் தொலைந்திருந்த இழுவை திரும்பி வரும். அந்த நல்ல பெயரைக் கிட்டும் நானும் வாங்கிக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை, ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்தார். ஐ.டி. வேலை, ஹெப்பகோடியில் வாடகை வீடு, அப்பா கொடுத்த பழைய நீலக் கார். "மேம்பாலம் ஏறுனா மூச்சு வாங்குதுங்ணா. அடுத்த சனிக்கிழமை சம்சாரம் கொழந்தையோட ஊருக்குப் போகோணும்" என்றார். என் பத்து ஹெச்.பி.யை எடுத்து விட்டேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தக் காரின் எஞ்சினுக்கு மொத்தமே நாற்பது ஹெச்.பி. தேறாது. அதை நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, எனக்குப் பழக்கமான அல்சூர் மெக்கானிக் ஒரு கிட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வீசினார்.

"இன்னா சரக்கு இது? உள்ள வெச்ச ரப்பர் பேக்கிங்கைப் பாரு, பெட்ரோல் பட்டு அப்பளம் மாதிரி உப்பிக்கினு கீது. சந்துல ஒழுவி, சூடான எஞ்சின் மேல சொட்டுது. நான் பக்கத்துல நின்னதால ஆஃப் பண்ணேன். இல்லாங்காட்டி வண்டியே பத்திக்கினு இருக்கும்!"

அந்தக் கம்பெனிச் சரக்கில் எனக்கு வந்தவை இரண்டே கிட்டுகள். ஒன்று இது. மற்றது, குழந்தையோடு ஊருக்குப் போகவிருந்த அந்த நீலக் காரில் இருந்தது.

அந்த இளைஞரின் பெயர் தெரியாது, போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. தீயணைப்பு வண்டியின் மணி கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டேன். காலையில் செய்தித்தாளைப் பிரிக்கவே பயம். எரிந்த கார் படம் எதுவும் இல்லையென்றால், நாளைக்கு வருமோ என்று பயம். உடனே தேடிப் போயிருக்க வேண்டும். போய் எந்த முகத்தோடு நிற்பது என்று பயந்துகொண்டு மூன்று நாளைக் கடத்தினேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

சனிக்கிழமை காலை அதற்குமேல் முடியவில்லை. கடையைத் திறக்காமல் ஹெப்பகோடிக்குப் போனேன். ஒவ்வொரு குடியிருப்பாக எட்டிப் பார்த்தேன். ஒரு காவலாளி "யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் வேண்டும் என்று நான் எதைச் சொல்வது? கடைசியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், "நீலக் காரா? நான்தான் மாட்டினேன். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி வீடு. இன்னிக்கு ஊருக்குக் கிளம்பறேன்னாரே" என்றார் மெக்கானிக். ஓடினேன். வயசுக்கு அடுக்காத ஓட்டம்.

எஞ்சின் ஓடியபடி கார் வாசலில் நின்றது. அவர் பின்னால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் மனைவி, மடியில் தூங்கும் குழந்தை. பத்தடி தூரத்திலேயே பெட்ரோல் நெடி அடித்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அந்தப் பெண் அலறினாள்.

"அண்ணா, நீங்களா!" என்று அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பயந்துக்காத புள்ள, கடைக்கார அண்ணன். செம பிக்கப்புங்ணா இப்ப!"

"அதைக் கழட்டிடுங்க தம்பி. பத்து ஹெச்.பி.ன்னு சொன்னது பொய். ஒண்ணுகூட ஏறாது. பெட்ரோல் ஒழுகுது, வண்டி பத்திக்கும்."

"இதைவிட ஒசத்தியா வேற கிட்டு வந்துருக்குதுங்களாக்கும்?" என்று கண்ணடித்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். திறந்தார். கார்புரேட்டரின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு சூடான இரும்பில் விழுந்து, சுரீரென்று ஆவியாகிப் போனது.

அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்த் தெருமுனை வரை வேகமாக நடந்துபோய் நின்றுகொண்டார். அவர் மனைவி மட்டும் காரைவிட்டு இறங்கி என் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"மொத ரெண்டு கடையிலயும் இது வேண்டாம், வேஸ்டுன்னு கன்னடத்துல சொன்னாங்களாமாங்ணா" என்றாள். "நீங்க தமிழ்ல சொன்னீங்கன்னுதான் இவரு நம்பி வாங்கிட்டு வந்தாரு."